நட்சத்திரத் துடிப்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்வது ஊகம்தானா?

நட்சத்திரங்களின் துடிப்பு மீடிறனை (குறித்த நேரத்துக்குள் எத்தனை தடவை அதிர்கிறது என்பதை) வைத்து அவற்றின் உள்ளே இருப்பதைச் சொல்வதெல்லாம் வெறும் ஊகம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அலைகள் பாடத்தோடு மல்லுக்கட்டும் உயர்தரப் பிள்ளை போல. அந்தத் ‘தானே’தான் என்னை எழுத வைத்தது. நான் விஞ்ஞானி இல்லை, மட்டக்களப்பில் ரியூசன் வாத்தி. ஆனாலும் சொல்வேன், ஊகம் இல்லை.

சூரியன் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு தடவை அதிர்கிறது. ஒரே மீடிறனில் அல்ல, ஆயிரக்கணக்கான மீடிறன்களில். ஒரே வகை அதிர்வுகள் சுமார் 135 மைக்ரோஹேர்ட்ஸ் (பத்து இலட்சம் வினாடிக்கு 135 அதிர்வு) இடைவெளியில் வரிசையாக நிற்கும். அந்த இடைவெளி சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும். இடைவெளியை அளந்தால் அடர்த்தி கையில். 2011இல் கெப்லர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவை வைத்து, வெளியே ஒரே மாதிரித் தெரியும் சிவப்பு இராட்சத நட்சத்திரங்களில் (முதுமையில் ஊதிப் பெருத்தவை) மையத்தில் ஈலியம் எரிப்பது எது, மையத்தைச் சுற்றி ஐதரசன் மட்டும் எரிப்பது எது என்றே பிரித்துவிட்டார்கள்.

கிடைத்த மீடிறன் உண்மையானதுதானா என்று பார்ப்பதில்தான் பெரும்பாடு. ஆடி மாதம் கல்லடிக் கடற்கரையில் வானம் துப்புரவாக இருக்கும். திருவோணத்துக்கு நேர் தெற்கே கழுகு ஈட்டா, கழுகு விண்மீன் கூட்டத்தில் 7.18 நாளுக்கு ஒருமுறை பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரம். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அதன் பிரகாசத்தைக் குறிக்க அக்காவின் மகனைப் பழக்கினேன். தினமும் இரவு எட்டு மணிக்குப் பார்த்துக் கொப்பியில் எழுதினான். ஒரு நாள் வந்து, “மாமா, 1.16 நாள் எண்டு வைச்சாலும் எல்லாப் புள்ளியும் பொருந்துதே” என்றான். எனக்குப் புளுகம் தாங்கவில்லை.

பொருந்தத்தான் செய்யும். 7.18 நாளுக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 0.139 சுற்று, அதை 1இலிருந்து கழித்தால் 0.861, அதாவது 1.16 நாளுக்கு ஒரு சுற்று. தினமும் ஒரே நேரத்தில் பார்ப்பவனுக்கு இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஒரே இரவில் எட்டு மணிக்கும் விடியப்புறம் நாலு மணிக்கும் பார்க்கச் சொன்னேன். 1.16 நாள் என்றால் அதற்குள் கால் சுற்றுக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். பிரகாசம் மாறியதாகவே தெரியவில்லை. இந்த வில்லங்கத்துக்காகத்தான் வானியல் விஞ்ஞானிகள் உலகைச் சுற்றிப் பல இடங்களிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் விடாமல் பார்க்கிறார்கள்.

‘வெறுங்கண்ணால் பார்த்ததெல்லாம் ஆராய்ச்சியா’ என்று யாரும் வரவேண்டாம். 1784இல் எட்வர்ட் பிகொட் என்ற ஆங்கிலேய வானியலாளர் இதே நட்சத்திரம் மாறுவதைக் கண்டதும் கண்ணால் ஒப்பிட்டுத்தான்.

இப்போது நாங்கள் நின்ற இடத்தில் வெள்ளை எல்ஈடி விளக்கு நட்டிருக்கிறார்கள், அதுவும் கடலைப் பார்த்து. மூடி போட்டுக் கீழே திருப்பிவிடுங்கள் என்று கடிதம் கொடுத்தேன். கள்ளர் பயமாம். கடலுக்குள்ளே இருந்து எந்தக் கள்ளன் ஏறி வரப்போகிறான்?