வாசகர் கேள்வி – பதில்: பாரிஸின் பதினாறாம் வட்டாரம்

கேள்வி: வரும் ஜூன் மாதம் பாரிஸில் உள்ள மகள் வீட்டில் தங்கப் போகிறோம். அவள் குடியிருப்பது 16ஆம் வட்டாரத்தில். அது பணக்காரர்கள் வாழும் பகுதி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: பணக்காரர்கள் வாழும் பகுதி என்பது உண்மை, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை நம்ப வேண்டாம். சேன் நதியின் வலக்கரையில், நகரின் மேற்கு ஓரத்தில் அமைந்த இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி 1860 வரை பாஸி, ஓத்தேய் முதலிய தனி ஊர்களாக இருந்தது. இங்குள்ள அருங்காட்சியகங்களில் சிறந்தவை, லூவ்ரைப் போல அரசர்களின் கருவூலங்களிலிருந்து வளர்ந்தவை அல்ல. தனிமனிதர்கள் தம் விருப்பப்படி சேர்த்து, பின்னர் பொதுமக்களுக்கென விட்டுச் சென்றவை. அதனால்தான் அளவில் சிறியவையாகவும், ஒரே காலைப்பொழுதில் நிதானமாகப் பார்த்து முடிக்கக் கூடியவையாகவும் இருக்கின்றன.

முதலில் மார்மோத்தான் மோனே அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். நெப்போலியன் காலத்துக் கலைப்பொருள்களில் பற்றுக் கொண்டிருந்த போல் மார்மோத்தான் தம் வீட்டையும் சேகரிப்பையும் நுண்கலைக் கழகத்துக்கு எழுதி வைத்தார். 1934இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஓவியர் மோனேயின் மகன் மிஷெல், தந்தையிடமிருந்து தமக்கு வந்த ஓவியங்களை 1966இல் இதற்கே விட்டுச் சென்றமையால், உலகிலேயே மோனேயின் ஓவியங்கள் மிகுதியாக உள்ள இடம் இதுதான். லெ ஆவ்ர் துறைமுகத்தின் காலைப் பனியைத் தீட்டிய ‘இம்ப்ரெஸ்யோன், சூரிய உதயம்’ என்னும் ஓவியமும் இங்கேயே உள்ளது. 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அதைக் கண்ட விமரிசகர் ஒருவர் ஏளனமாகச் சூட்டிய பெயரே பின்னர் ‘இம்ப்ரெஷனிசம்’ என்னும் ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது. 1985இல் திருடர்கள் துப்பாக்கியுடன் புகுந்து அதைக் கொண்டு சென்றனர். ஐந்து ஆண்டுகள் கழித்து கோர்ஸிகா தீவில் அது கண்டெடுக்கப்பட்டது. நிலத்தடிக் கூடத்தில் உள்ள அல்லிக்குளத்து ஓவியங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். முதுமையில் பார்வை மங்கிய காலத்தில் மோனே தீட்டியவற்றில் வண்ணங்கள் எப்படி முறுகிச் சிவக்கின்றன என்பதை, அச்சிட்ட படங்களிலிருந்து அறிந்துகொள்ளவே முடியாது.

இரண்டாவது, இயேனா சதுக்கத்தில் உள்ள கிமே அருங்காட்சியகம். லியோன் நகரத் தொழிலதிபரான எமீல் கிமேயின் செல்வம், அவருடைய தந்தை கண்டறிந்த செயற்கை நீலச் சாயத்திலிருந்து வந்தது. 1876இல் ஜப்பான், சீனா, இந்தியா ஆகிய நாடுகளில் பயணம் செய்து திரும்பிய அவர், ஆசியச் சமயங்களுக்கென ஓர் அருங்காட்சியகத்தை முதலில் லியோனில் நிறுவினார். 1889இல் அது பாரிஸுக்கு வந்தது. தமிழர்கள் இங்கே தேடிச் செல்ல வேண்டியது, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி. கோயிலில் மாலையும் பட்டும் மறைக்கும் வடிவத்தை, முழங்கால் வளைவு முதல் விரிந்த சடை வரை, இங்கே தடையின்றிக் காணலாம். வழிபாட்டுக்கென வார்த்த திருமேனி காட்சிப்பொருளாக நிற்பதைக் கண்டு சிலருக்கு மனம் சங்கடப்படும்; அந்தச் சங்கடம் நியாயமானதே. கம்போடியாவுக்கு வெளியே உள்ள கெமர் சிற்பத் தொகுப்புகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றும் இங்குதான் இருக்கிறது. கண்களை மூடிப் புன்னகைக்கும் கெமர் அரசர் ஏழாம் ஜெயவர்மனின் தலைச்சிற்பத்தைத் தவற விட வேண்டாம்.

இரண்டு இடங்களுக்கும் ஒன்பதாம் எண் மெட்ரோ போதும்: மார்மோத்தானுக்கு லா முயேத் நிலையம், கிமேவுக்கு இயேனா நிலையம். முன்னதற்குத் திங்கட்கிழமையும் பின்னதற்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை.

கேள்வி: எண்பது வயதான என் தாயாரை அழைத்துச் செல்ல ஒரே ஒரு தோட்டத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஜூன் மாதத்தில் செல்வதானால் தயங்காமல் பகத்தேல். பூலோஞ் காட்டுக்குள் இருக்கும் இத்தோட்டத்தின் மாளிகை, அரசி மரீ அந்துவானெத்துடன் அவருடைய மைத்துனர் கட்டிய பந்தயத்தால் 1777இல் இரண்டே மாதங்களில் எழுப்பப்பட்டது. ஆனால் நீங்கள் செல்வது ரோஜாக்களுக்காக. 1907 முதல் இங்கே புதிய ரோஜா வகைகளுக்கான பன்னாட்டுப் போட்டி நடந்து வருகிறது. அருகில் மெட்ரோ இல்லாததால், முதியவருடன் செல்லும்போது டாக்ஸியே உசிதம்.

மழை பெய்தாலோ தாயாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டாலோ, ஓத்தேய் கண்ணாடி வீடுகளுக்குச் செல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட அந்த வெப்பமண்டலத் தாவரக் கூடங்களுக்கு அனுமதி இலவசம். ரோலான் காரோஸ் டென்னிஸ் போட்டி நடக்கும் மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம். அரங்கம் பக்கத்திலேயே இருப்பதால் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

கேள்வி: பணம் செலவழிக்காமல் பார்க்கக் கூடிய இடங்கள் உண்டா?

பதில்: உண்டு. நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. மின்சாரத்தின் வரலாற்றைச் சித்திரிக்கும், 600 சதுர மீட்டர் பரப்புடைய ரவூல் துஃபியின் ஓவியத்துக்காக மட்டுமே அங்கே போகலாம். கடன்காரர்களுக்கு அஞ்சி எழுத்தாளர் பால்சாக் 1840 முதல் 1847 வரை வேறு பெயரில் குடியிருந்த பாஸி வீட்டுக்கும் நிரந்தரக் காட்சி இலவசம். வேண்டாதவர் முன்வாசலில் நின்றால், கீழ்த்தெரு வழியாக அவர் நழுவிவிடுவாராம். கிமேவில் மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம்; அன்று கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: துரோக்கதேரோவில் ஐஃபெல் கோபுரத்தைப் படம் எடுப்பதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

பதில்: படம் எடுக்க விடியற்காலையில் செல்லுங்கள், பிறகு, நீங்கள் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். 1937ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட அந்த ஷையோ மாளிகையில்தான், 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதன் ஒரு சிறகில் உள்ள கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சுப் பேராலயங்களின் வாயில்கள் முழு அளவில் சுண்ண வார்ப்புகளாக நிற்கின்றன. பிரான்ஸ் முழுவதும் சுற்ற வாய்ப்பில்லாதவர்களுக்கு அது பெரும் வசதி.

கட்டடங்களில் ஆர்வம் இருந்தால், லா ஃபோந்தேன் தெருவில் கட்டடக் கலைஞர் எக்தோர் கிமார் 1898இல் கட்டி முடித்த காஸ்தெல் பெராஞ்சே என்னும் குடியிருப்பின் இரும்பு வாயிலைப் பார்க்கலாம். அதில் மக்கள் குடியிருப்பதால் தெருவில் நின்றுதான் ரசிக்க வேண்டும். உள்ளே சென்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு, கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியே 1920களில் ஓவியச் சேகரிப்பாளர் ஒருவருக்காக வடிவமைத்த மேசோன் லா ரோஷ் என்னும் வீடு திறந்திருக்கிறது. செல்வதற்கு முன் நேரத்தை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.