ஜாக்கெட் கை தளர்கிறது, பாவாடை நாடா எட்டவில்லை

பழைய ஜாக்கெட்டுகளை வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா என்று கடிதத்தை ஆரம்பித்து, பாவாடை நாடாவால் இடுப்பில் புற்றுநோய் வருமாமே, உண்மையா என்று முடித்திருக்கிறீர்கள். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: போன தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டில் கைப்பகுதி தொளதொளவென்று ஆகிவிட்டது, அப்போதே தைத்த பாவாடைக்கு நாடா முடிச்சுப் போட எட்டவில்லை, எடை மட்டும் அதே 61 கிலோ. அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். இந்த வாரமே ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்து அடிவயிற்றை ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

நாடா பயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2024 இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், நம் நாட்டைச் சேர்ந்த வயதான இரண்டு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பல வருடங்கள் இடுப்பை இறுக்கிக் கட்டியதில் தோல் உரசிப் புண்ணாகி, அது ஒன்றரை, இரண்டு வருடம் ஆறாமல் கிடந்து, கடைசியில் அந்தப் புண்ணில் புற்று வந்திருந்தது. அதைத்தான் ‘சேலை கட்டினால் கேன்சர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு ஊரையே பயமுறுத்துகிறார்கள். உங்களுக்கு இருப்பது கறுத்த தழும்பும் அரிப்பும், புண் இல்லை. அகலமான பட்டி வைத்த பாவாடை கட்டுங்கள், முடிச்சைத் தினமும் ஒரே இடத்தில் போடாதீர்கள். மூன்று, நான்கு வாரத்தில் ஆறாத புண் வந்தால் மட்டும் காட்டுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் முடி கொட்டுவது, முட்டியில் சத்தம் கேட்பது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, இவை எதற்கும் இப்போது அவசரமில்லை.

இப்போது அந்த ஜாக்கெட்டுக்கு வருகிறேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு வயிறு போடுவது சகஜம். தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு அதன் பிறகு வயிற்றில் சேர ஆரம்பிக்கும். ஆனால் அது மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். பெரும்பாலும் மேல் கையும் கூடவே தடிக்கும். தையல்காரரிடம் போய் கையையும் பக்கவாட்டையும் சேர்த்துத்தான் பிரிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எட்டு, ஒன்பது மாதத்துக்குள் கை இளைத்து, வயிறு மட்டும் பெருத்திருக்கிறது. எடை மாறவில்லையே என்று நீங்கள் ஆறுதல் அடைவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உடம்பில் சதை மூன்று கிலோ கரைந்து, வயிற்றில் மூன்று லிட்டர் நீர் சேர்ந்தாலும் எடை மெஷின் அதே 61 தான் காட்டும். இந்த விஷயத்தில் அந்த மெஷினைவிட உங்கள் ஜாக்கெட்டை நான் நம்புவேன்.

அதோடு, இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை, சிறுநீர் அடிக்கடி வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் கேஸ் ட்ரபிள், சர்க்கரை என்று தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டீர்கள். வாயுவால் வரும் உப்பசம் ஏறி இறங்கும்; ராத்திரி உப்பி, காலையில் எழும்போது வயிறு தட்டையாக இருக்கும். உங்களுக்குக் காலையில் பல் தேய்க்கும்போதும் வயிறு அப்படியேதான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துபோவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர், இவற்றில் எதுவாவது புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் இருந்தால் சினைப்பையைப் பார்த்தே ஆக வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் கேஸ் ட்ரபிள் மாதிரிதான் வரும். அதனால்தான் பலர் ஜெலூசிலும் பான்டோபிரசோலும் குடித்தே ஆறு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். நீங்களும் நான்கு மாதம் ஓட்டிவிட்டீர்கள்.

போன வருடம் பாப் ஸ்மியர் நார்மல், அதனால் பயமில்லை என்கிறீர்கள். அது கருப்பை வாய்க்கான பரிசோதனை. சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இதனால் உங்களுக்குப் புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. கல்லீரல் சுருக்கத்தில் இதே மாதிரி கை, கால் இளைத்து வயிற்றில் நீர் கோக்கும். நம் ஊரில் வயிற்றில் வரும் காசநோயும் அப்படியே செய்யும்; சாதாரணமாக ஆறு மாத மாத்திரையில் அது குணமாகிவிடும், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். புற்றுநோய் அல்லாத பெரிய நீர்க்கட்டியாகக்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தானாகப் போகாது, வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

உங்கள் தங்கையின் தைராய்டு மாத்திரையை ‘உடம்பு குறைய’ என்று இரண்டு மாதமாகச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள். தைராய்டு சரியாக இருப்பவர்கள் அதைச் சாப்பிட்டால் படபடப்பு வரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும், மேல் கைச் சதையும் கரையும். உங்கள் கை இளைத்தது நோயாலா, அந்த மாத்திரையாலா என்ற குழப்பத்தையும் இப்போது சேர்த்து வைத்திருக்கிறீர்கள். போகிற இடத்தில் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வீட்டில் இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எத்தனை சொன்னாலும் போகவே மாட்டேன் என்கிறது.

மருத்துவர் கையால் வயிற்றைப் பரிசோதிப்பார். வயிற்றுக்கும் அடிவயிற்றுக்கும் சேர்த்து அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் பிறப்புறுப்பு வழியாகவும் ஒரு ஸ்கேன். சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச். பரிசோதனைகள். வயிற்றில் நீர் இருந்தால் ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதெல்லாம் செய்ய முடியும். சி.ஏ. 125 அளவு 35 ஐத் தாண்டியிருந்தால் உடனே கூகுளில் தேட உட்காராதீர்கள். காசநோயிலும் கல்லீரல் நோயிலும் கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டியிலும்கூட அது ஏறும். அந்த எண்ணுக்கு ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

துணி விஷயம். அந்தத் தீபாவளி ஜாக்கெட்டையும் பாவாடையையும் ரிசல்ட் வரும்வரை பிரிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டினால்கூடத் தப்பில்லை. எப்போதிலிருந்து, எவ்வளவு என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ஜாக்கெட்டுகள் வேறு விஷயம். அவை இருபத்தைந்து வயது உடம்புக்குத் தைத்தவை, சேராமல் போனதில் நோய் எதுவும் இல்லை. உள்தையலில் துணி விட்டிருந்தால் பிரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தாராளமாகக் கொடுங்கள். அதற்குள் நுழைய வேண்டும் என்பதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். ஏற்கெனவே சாப்பாடு இறங்காத உடம்பு உங்களுடையது.

உங்கள் அம்மாவுடன் பிறந்த சித்திக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததையும் அங்கே சொல்லுங்கள். சில குடும்பங்களில் மார்பகமும் சினைப்பையும் ஒரே மரபணுக் கோளாறில் பாதிக்கப்படும். அப்பா வழியில் யாருக்காவது இருந்தாலும் அதே கணக்குத்தான். படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, நிற்காத வாந்தி, நின்றுபோன மாதவிலக்குக்குப் பிறகு மறுபடி ரத்தம் படுவது, இவற்றில் முதல் மூன்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், அடுத்த நாளே அந்த மகளிர் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.