முழங்கால் மூட்டு மாற்றத்துக்குப் பின் ரோயிங் மெஷின்: எப்போது, எப்படி?

கேள்வி: எனக்கு வயது 63. வலது முழங்காலில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து ஒன்பது வாரங்கள் ஆகின்றன. கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். கால் 100 டிகிரி வரை மடங்குவதாக பிசியோதெரபிஸ்ட் அளந்து சொன்னார். மகன் வீட்டில் ரோயிங் மெஷின் (துடுப்பு போடுவதுபோல் இழுத்துப் பயிற்சி செய்யும் கருவி) வாங்கி வைத்திருக்கிறான். உட்கார்ந்து செய்வதால் மூட்டில் பாரம் விழாது, முன்னும் பின்னும் நகர்ந்தால் கால் இன்னும் நன்றாக மடங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போதே தொடங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூட்டு இதே போக்கில் தேறிவந்தால் பன்னிரண்டு வாரங்களை ஒட்டி, உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரின் சம்மதத்துடன் தொடங்கலாம். நண்பர்கள் சொன்னதில் முதல் பாதி ஏறத்தாழ உண்மை. இரண்டாவது பாதியை நம்பி இறங்கினால் மூட்டுக்குத் தீங்கு நேரலாம்.

சாதாரணமாக நடக்கும்போதே முழங்கால் மூட்டின்மேல் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. ரோயிங் மெஷினில் உடலின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதாலும், பாதம் தரையில் மோதும் அதிர்ச்சி இல்லாததாலும், செயற்கை மூட்டுக்கு அது ஓட்டத்தைவிடப் பல மடங்கு இதமான பயிற்சி. அமெரிக்காவின் முழங்கால் மருத்துவர் சங்கமான நீ சொசைட்டி (Knee Society) 1999இல் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டபோது, நடை, நீச்சல், நிலையான சைக்கிள் ஆகியவை பரிந்துரைக்கத் தக்கவை என்ற வரிசையில் வந்தன. துடுப்புப் பயிற்சியோ முன் அனுபவம் உள்ளவர்களுக்கு அனுமதிக்கலாம் என்ற வரிசையில் வைக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முறை தெரியாமல் செய்தால் இந்தப் பயிற்சி முழங்காலையும் இடுப்பையும் சேர்த்துப் பாதிக்கும்.

ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் இருக்கை முன்னே வந்து, கணுக்காலுக்கு மேல் முன்னங்கால் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்த நிலையில் முழங்கால் 120 டிகிரி அளவுக்கு, சிலருக்கு அதற்கும் மேலாக மடங்குகிறது. உங்கள் காலோ 100 டிகிரியில் நிற்கிறது. குறைகிற அந்த இருபது டிகிரியை உடல் வேறெங்கிருந்தாவது எடுக்கப் பார்க்கும்: முதுகு கூன் போடும், அல்லது வேகத்தோடு முன்னே வரும் உடலின் பளு முழங்காலைத் திணித்து மடக்கும். அப்படித் திணிக்கப்பட்ட மூட்டு மறுநாள் வீங்கும்; வீங்கிய மூட்டு முன்பைவிடக் குறைவாகவே மடங்கும். மடக்கும் கோணத்தைக் கூட்ட விரும்பினால், நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் மெல்லப் பின்னே இழுத்து, இறுக்கம் தெரியும் இடத்தில் சில விநாடிகள் நிறுத்துங்கள். எங்கே நிறுத்துவது என்பது அங்கே முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. ஓடும் இருக்கையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோணம் சில வாரங்களாக நகராமல் நின்றுவிட்டது என்றால், மெஷினைத் தேடாமல் மருத்துவரிடம் தாமதமின்றிச் சொல்லுங்கள்.

ஆகவே, வாரக் கணக்கோடு மூட்டின் நிலையையும் பார்க்க வேண்டும். வலியில்லாமல் குறைந்தது 110 டிகிரி மடங்க வேண்டும். தையல் தழும்பு முழுமையாக ஆறியிருக்க வேண்டும். படுத்த நிலையில் காலை உயர்த்தும்போது முழங்கால் சற்றும் தொய்யாமல் நேராக நிற்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையை அலட்சியப்படுத்தாதீர்கள்: அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது, அது மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பலரும் யோசிக்காத ஒன்று, மெஷினில் ஏறுவதும் இறங்குவதும்தான். பரவலாக விற்கப்படும் மாடல்களில் இருக்கை தரையிலிருந்து சுமார் 36 சென்டிமீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. உங்கள் சாப்பாட்டு நாற்காலி ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் இருக்கும். நாற்காலியிலிருந்து எழவே முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும் என்னும்போது, இவ்வளவு தாழ்வான இடத்திலிருந்து எழுவது பயிற்சியைவிடக் கடினம். போதாததற்கு, அந்த இருக்கைக்குச் சக்கரம் உண்டு. நீங்கள் உட்காரப்போகும் நொடியில் அது பின்னே நழுவினால் விழுந்துவிடுவீர்கள். மெஷினைச் சுவரோரம் அல்லது கனமான மேசையருகே போட்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகன் இருக்கையை அசையாமல் பிடிக்கட்டும். வலது காலை முன்னே நீட்டி, இடது காலில் பாரத்தை வைத்து உட்காருங்கள். பாதப் பட்டைகளைக் கடைசியில் மாட்டுங்கள். இறங்கும்போது முதலில் அவற்றைக் கழற்றுங்கள். சாதாரண நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல், இரு காலிலும் சமமாக எடை வைத்து எழ முடியாத வரையில் இந்த மெஷின் உங்களுக்கு உரியதல்ல.

தொடங்கும் நாளில் கால்களைக் கிட்டத்தட்ட நீட்டி வைத்துக் கைகளால் மட்டும் இழுங்கள். அது பழகியபின் இடுப்பிலிருந்து உடலைச் சாய்த்து இழுங்கள். அதன் பிறகே இருக்கையைக் கால்வாசி தூரம் நகர்த்தலாம். உங்கள் முழங்கால் 90 டிகிரி மடங்கும் இடத்தைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னதும், இருக்கை ஓடும் தண்டில் அந்த இடத்தில் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். அதைத் தாண்டி முன்னே வராதீர்கள். கோணம் கூடக்கூட டேப்பை நகர்த்திக்கொள்ளலாம். காற்று விசிறி உள்ள மெஷினில், விசிறிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரை 1 முதல் 3க்குள் வையுங்கள். ஆனால் எந்த எண்ணில் வைத்தாலும், எவ்வளவு வலுவாக உதைக்கிறீர்களோ அவ்வளவு பாரம் மூட்டில் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்புகள், ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு நிமிடங்கள் போதும். கால் நீளும் முடிவில் வெடுக்கென்று பூட்டாமல் மென்மையாக நிறுத்துங்கள், மூச்சை அடக்காதீர்கள். உதைக்கும் வேலையை இடது கால் தானே எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கும் என்பதால், மகனை முன்னாலிருந்து செல்போனில் படமெடுக்கச் சொல்லி, இரு முழங்கால்களும் ஒன்றாக நீள்கின்றனவா என்று பாருங்கள்.

பயிற்சிக்கு முன்பும் மறுநாள் காலையிலும், முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே தையல் டேப்பால் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தாலோ, இரவுத் தூக்கத்தை வலி கெடுத்தாலோ, வீக்கம் வடியும் வரை நிறுத்தி, அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்குங்கள். மூட்டில் லேசான கதகதப்பு சில மாதங்களுக்கு இருப்பது இயல்பே. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், காய்ச்சலுடன் மூட்டுச் சிவப்பு, தழும்பிலிருந்து கசிவு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம்.

எலும்புத் தேய்மானமோ பழைய இடுப்புவலியோ உங்களுக்கு இருந்தால், அதையும் மருத்துவரிடம் சொன்ன பிறகே ரோயிங் பற்றி முடிவெடுங்கள். அதுவரை உங்களுக்கு ஏற்றது நிலையான சைக்கிள். சீட்டைச் சற்று உயர்த்தி வைத்தால் 100 டிகிரியிலேயே பெடல் முழுச்சுற்று வந்துவிடும். சுற்று முடியாவிட்டால் அரைச்சுற்றாக முன்னும் பின்னும் ஆட்டினாலே போதும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது, மெஷினின் பக்கவாட்டுப் படம் ஒன்றையும் இருக்கையின் உயர அளவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; எந்தக் கோணம் வரை போகலாம் என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.