ஆரஞ்சு மரத்தில் பாசி: சுரண்டலாமா, விற்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிக்கு மேலே 3 ஏக்கர் காபி, ஊடே கமலா ஆரஞ்சு. நாலைந்து வருடமாக ஆரஞ்சுக் கிளைகளைச் சாம்பல் நிறப் பாசி மூடுகிறது. சில மரங்களின் அடிப்பட்டையில் வெள்ளைத் தேமல் போலப் படர்ந்து, அதன்மேல் மையால் கிறுக்கியது மாதிரி கறுப்புக் கோடுகள். பாசி ஏறிய மரங்கள் நுனியிலிருந்து காய்கின்றன. அரிவாளால் சுரண்டிவிட்டு மருந்து அடிக்கலாமா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் இது கல்பாசி, விற்கலாம் என்கிறார்.

பதில்: அரிவாளை எடுக்காதீர்கள் அய்யா. பாசி ஏறியதால் மரம் காயவில்லை. மரம் நலிந்ததால் பாசி ஏறியிருக்கிறது. இலை கொட்டினால் கிளைக்கு வெயில் எட்டும், மலைப்பனி ஈரம் கொடுக்கும். பாசிக்கு அது போதும்.

காய்ந்து சுருண்ட ஒரு துண்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் சாம்பல் மங்கிப் பச்சை தெரியும். அந்தப் பச்சைதான் உள்ளே குடியிருக்கும் ஆல்கா. அதற்கு வீடு கட்டிக் கொடுத்திருப்பது ஒரு பூஞ்சை. இரண்டும் சேர்ந்த இந்தக் கூட்டுக் குடித்தனத்தைத்தான் லைக்கன் என்கிறோம். ஆல்கா வெயிலில் சமைக்கிறது, பூஞ்சை ஈரம் பிடித்து வைக்கிறது. மரத்திடம் இவை கேட்பது உட்கார இடம் மட்டும். உயிருள்ள கிளையில் அதை நகத்தால் பெயர்த்துவிட்டுப் பட்டையை லேசாகக் கீறினால் உள்ளே பச்சையாகவே இருக்கும். புல்லுருவி அப்படியில்லை, மரத்துக்குள் வேரூன்றிச் சாறு உறிஞ்சும். அதைக் கண்டால் வெட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் மரம் ஏன் காய்கிறது? தூரைப் பாருங்கள். பட்டை வெடித்துப் பிசின் வடிந்தால் தூரழுகல். தண்ணீர் தேங்கும் இடத்தில் அதிகம் வரும். வடிகால் எடுங்கள், அழுகிய பட்டையை மட்டும் செதுக்கிவிட்டு போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் கலக்கி, பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்குங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இலையில் நடுநரம்பின் இருபக்கமும் ஒத்துப்போகாத மஞ்சள் திட்டு, கோணல் காய் என்றால் சந்தேகம் வேறு: பச்சையாதல் நோய். அதற்கு மருந்தில்லை, மரத்தை எடுத்துவிட வேண்டியதுதான். எடுக்கும் முன் இலைகளைத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ந்த நுனிகளை இப்போதே கவாத்து செய்து, வெட்டுவாயில் அதே பசையைத் தடவுங்கள்.

அந்தக் கிறுக்கலும் நோயல்ல. அது எழுத்து மாதிரி கோடு விழும் லைக்கன் வகை. கோடுகள் பூஞ்சையின் வித்துப் பைகள் இருக்கும் இடம். அதே குடும்பத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்ததாக 2025-இல் புனே அகர்க்கர் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. அல்லோகிராஃபா எஃபியூசோசொரெடிகா என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். மரபணு வரிசையையும் பார்த்தே புது இனம் என்று முடிவு செய்தார்கள். கண்ணால் பார்த்தால் பல இனங்கள் ஒன்று போலவே இருக்கும். பள்ளிக்கூட லிட்மஸ் தாளின் சாயமும் லைக்கனிலிருந்து வந்ததுதான்.

இனி கல்பாசி. செட்டிநாட்டு மசாலாவில் போடுவது அகலமான இதழ் விட்டு, மேலே சாம்பலும் அடியில் கறுப்புமாக, ஓரம் தூக்கி நிற்கும் வகை. பட்டையோடு ஒட்டிய மாவுத் தேமலை யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்று முக்கியம்: லைக்கனுக்கு வேர் கிடையாது, மழையிலும் காற்றிலும் வருவதை உடம்பு முழுவதும் உறிஞ்சும். போர்டோவின் மயில்துத்தத்தில் உள்ள தாமிரமும் அதில் சேர்ந்துவிடும். போர்டோ அடித்த மரத்துப் பாசியைச் சமையலுக்கு விற்காதீர்கள். அதனால் பாசி எடுப்பது முதலில், பசை பூசுவது பிறகு. காபிக்குத் துருநோய் மருந்து அடித்தபோது சாரல் பட்ட மரங்களையும் விட்டுவிடுங்கள்.

கவாத்தில் விழுந்த கிளைகளிலிருந்து மட்டும் எடுங்கள். உள்ளங்கை அகலம் வளரவே பல வருடம் ஆகும். தோட்டத்தை ஒட்டிய காட்டு மரத்தில் கை வைத்தால் வனத்துறை வழக்குப் போடும். பட்டைத் துணுக்கு, தூசி நீக்கி நிழலில் உலர்த்துங்கள். சாக்கு நிறைந்தாலும் எடை நிற்காது, முன்கூட்டியே விலை பேசிக் கொள்ளுங்கள்.