டக்லோபனில் புயலுக்குக் காத்திருக்கும் நண்பருக்கு

வேலைக்காக பிலிப்பைன்ஸ் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி கான்கிரீட் வீடு, காற்றைத் தாங்கும், இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

நீங்கள் காற்றைப் பற்றி மட்டும் யோசிக்கிறீர்கள். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயலில் உங்கள் ஊரை அழித்தது பெரும்பாலும் காற்று இல்லை, சுமார் ஐந்து மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்த கடல். 'ஸ்டார்ம் சர்ஜ்', அதாவது புயல் தள்ளிவரும் கடல் ஏற்றம், வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அந்தச் சொல் என்னவென்று பலருக்குப் புரியவில்லை. நாடு முழுக்க 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிலிப்பைன்ஸ் வானிலை மையமான பகாசா சொல்லும் 1 முதல் 5 வரையிலான சிக்னல் காற்றுக்கானது. கடல் ஏற்றத்துக்கு எச்சரிக்கை தனியாக வரும், அதைத் தேடிப் பாருங்கள்.

எங்கே போவது என்று பராங்காய் (உங்கள் வட்டார உள்ளாட்சி) அலுவலகத்தில் கேளுங்கள். முகாம் என்று பெயர் இருந்தால் போதாது, மேட்டில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அன்று சில முகாம்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள், அது புயலின் கண்ணாக இருக்கலாம். எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும்.

அப்புறம், அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். பிலிப்பைன்ஸில் புயலுக்கு இரண்டு பெயர், உலகப் பெயர் ஒன்று, உள்ளூர்ப் பெயர் ஒன்று. ஹையானை யோலாண்டா என்றார்கள். இரண்டையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செய்தியைப் பார்த்துக் குழம்புவார். பல நாள் போன் வராமல் போகலாம், டவர் விழுந்திருக்கும் என்றும் சொல்லிவையுங்கள். மணிலா தூதரகத்துக்கு உங்கள் விவரத்தை அனுப்புங்கள். பாஸ்போர்ட், சில்லறைப் பணம், குடிதண்ணீரோடு வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டே இருப்பேன்.