வாசகர் கேள்வி – பதில்: நிதி முடிந்தாலும் வழக்கு முடிவதில்லை

இலவச சட்ட உதவி அமைப்புகளை நடத்துவோர் நிதி திரட்டுவது பற்றியும் அதைக் கணக்காகச் செலவிடுவது பற்றியும் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் அமைப்பின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே அறக்கட்டளையிடமிருந்து வருகிறது. அடுத்த ஆண்டுடன் அந்த நிதியுதவி முடிகிறது; நீட்டிக்க இயலாது என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்: புதிய நன்கொடையாளருக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் முன், உங்கள் கையில் இருக்கும் வழக்குக் கட்டுகளை எடுத்துப் பாருங்கள். மாலை வகுப்பு நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம், பணம் நின்றால் வருத்தத்தோடு வகுப்பை நிறுத்திவிடலாம். வக்காலத்து போட்ட வழக்கறிஞர் அப்படிப் பாதியில் எழுந்து போக முடியாது. பல நாடுகளில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றே வழக்கிலிருந்து விலக முடியும். அனுமதி கிடைத்தாலும், வேறு வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத கட்சிக்காரரை நடுவழியில் கைவிட்டதாகவே அது முடியும். நிதியுதவிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக நகர்வது.

ஓர் எடுத்துக்காட்டு: 12 மாத நிதியுதவியின் எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்காக ஜீவனாம்ச வழக்குத் தாக்கல் செய்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு நீதிமன்ற அறிவிப்பு போய்ச் சேர்ந்து, அவர் பதிலுரை தாக்கல் செய்வதற்குள் நிதியுதவிக் காலம் முடிந்துவிடும். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, தீர்ப்பு, தீர்ப்பின்படி பணத்தை வசூலிக்கும் நிறைவேற்று மனு என்று வழக்கின் கனமான பகுதி முழுவதும் அதற்குப் பிறகுதான் வரும். அந்தச் செலவை எந்தத் திட்ட வரைவிலும் நீங்கள் காட்டியிருக்க மாட்டீர்கள்.

ஆகவே, ஒவ்வொரு வழக்கும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, முடிய இன்னும் எத்தனை மாதம் ஆகலாம், அதற்கு வழக்கறிஞரின் நேரம் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம், சான்றிட்ட நகல், மொழிபெயர்ப்பு, சாட்சிகளின் பயணச் செலவு எவ்வளவு என்று ஒரு பட்டியல் போடுங்கள். கடைசியில் வரும் கூட்டுத் தொகைதான் உங்கள் உண்மையான கடன். அதை எடுத்துக்கொண்டு இப்போதைய அறக்கட்டளையிடம் சென்று, புதிய வழக்கு எதையும் எடுக்காமல் இருப்பவற்றை முடிப்பதற்கு மட்டும் குறைந்த தொகையில் ஓர் இறுதிக்கட்ட உதவி கேளுங்கள். புதுப்பிக்க மறுப்பவர்களில் சிலர் இதற்கு இணங்குவதுண்டு. ஏனெனில், தாங்கள் தொடங்கி வைத்த வழக்குகள் அநாதையாக நிற்பதை அவர்களும் விரும்புவதில்லை. கூடவே, நீண்ட காலம் இழுக்கக்கூடிய புதிய வழக்குகளை ஏற்பதை இன்றிலிருந்தே குறைத்து, ஆலோசனை, மனு எழுதித் தருதல், சமரசம் போன்ற குறுகிய காலப் பணிகளுக்கு இடம் கொடுங்கள்.

அடுத்து, நன்கொடையாளர்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் பாதுகாப்பு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒரே காரணத்தால் எல்லா ஊற்றுகளும் சேர்ந்து வற்றுமா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கறிஞர்கள் தங்களிடம் தற்காலிகமாக இருக்கும் கட்சிக்காரர்களின் சிறு தொகைகளைப் பொதுக் கணக்கில் வைத்து, அதன் வட்டியைச் சட்ட உதவிக்குத் தரும் ஏற்பாடு 1981இல் புளோரிடாவில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியது. 2008 நிதி நெருக்கடியில் வட்டி விகிதம் பூஜ்யத்தை ஒட்டிச் சரிந்தபோது அந்த வருமானமும் சரிந்தது. வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்களும் கடனில் சிக்கியவர்களும் சட்ட உதவி தேடி வந்த நேரமும் அதுவே. தனிநபர் நன்கொடை, வழக்கறிஞர் சங்கங்களின் ஆதரவு, அறக்கட்டளை, அரசு நிதி ஆகியவை வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்குபவை என்பதால், அவற்றைக் கலந்து வைப்பதற்குப் பொருள் உண்டு.

கேள்வி: நிதி தருபவர், பயனடைந்தவர்களின் பெயர், முகவரி, வழக்கு விவரம் அடங்கிய பட்டியலைக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த தவணை வராது போலிருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கட்சிக்காரர் வழக்கறிஞரை நம்பிச் சொன்னது அவருக்குச் சொந்தமானது. பணம் கொடுத்தவர் வேறொருவர் என்பதால் அந்த உரிமை கைமாறிவிடுவதில்லை. நிதி தருபவர் கேட்பதில் நியாயமான பகுதியும் இருக்கிறது: பணம் உண்மையான வழக்குகளுக்குத்தான் செலவானதா என்று அவர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஒவ்வொரு வழக்குக்கும் அமைப்பு தரும் எண், வழக்கின் வகை, அது தொடங்கிய மாதம், இப்போதைய நிலை, செலவான நேரம் ஆகியவை போதும்.

பெயரை நீக்கிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்றும் கருத வேண்டாம். சிற்றூரின் பெயரும் வயதும் குற்றத்தின் வகையும் சேர்ந்தால், அந்த ஊர்க்காரர் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள இடங்களில் ஊர்களைச் சேர்த்து மாவட்ட அளவில் காட்டுங்கள்.

அறிக்கையில் போடுவதற்கு ஒருவருடைய கதையும் புகைப்படமும் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இலவச உதவி பெறும் ஒருவர், தம் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது தம் வழக்கறிஞரே வந்து கேட்டால், மறுத்தால் வழக்கு என்னாகுமோ என்ற அச்சத்தில் தலையாட்டிவிடுவார். அதை நான் சம்மதமாக மதிப்பதில்லை. வழக்கு முடிந்த பிறகு, வழக்கில் தொடர்பில்லாத வேறொருவர் கேட்கட்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டட்டும். இவை அனைத்தையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே ஒரு பிரிவாகச் சேர்த்துவிடுவது நல்லது. தவணை நிலுவையில் இருக்கும்போது பேசுவது கடினம்.

கேள்வி: வழக்கறிஞர் சம்பளம் தர எல்லோரும் முன்வருகிறார்கள்; வாடகைக்கும் கணக்காளருக்கும் எவரும் தருவதில்லை. இரண்டு திட்டங்களிலும் முழு வாடகையை எழுதிக்கொள்ளலாம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார்.

பதில்: அந்த யோசனையை இன்றே கைவிடுங்கள். ஒரே செலவை இருவரிடம் வாங்குவது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், மோசடி. தணிக்கையில் வெளிப்பட்டால் பிற நன்கொடையாளர்களும் விலகுவார்கள். நேரான வழி, வாடகையைப் பங்கிடுவது. நான்கு வழக்கறிஞர்களில் மூவர் ஒரு திட்டத்திலும் ஒருவர் மற்றொன்றிலும் இருந்தால், வாடகையின் முக்கால் பங்கு முதல் திட்டத்துக்கும் கால் பங்கு இரண்டாவதற்கும் போகட்டும். ஒரே வழக்கறிஞர் இரண்டிலும் வேலை செய்தால், அன்றன்று எழுதிய நேரக் குறிப்பே ஆதாரம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய குறிப்பைத் தணிக்கையாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

அலுவலகச் செலவைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவிகளில், அரசுடன் தனியாக விகிதம் பேசி முடிக்காத அமைப்புகள், வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற மறைமுகச் செலவுக்கென எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 2024 அக்டோபரில் 10 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கணக்காளர் இல்லாத அமைப்பில் கணக்கு ஒழுங்காக இராது என்பதை நிதி தருபவர்களும் உணரத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் பெருந்தொகை தர முன்வந்துள்ளது. தொழிலாளர் வழக்குகளை எடுக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஏற்கலாமா?

பதில்: குறிப்பிட்ட பணிக்கு மட்டும் பணம் தருவது வழக்கமானதே, "இந்தத் தொகையைக் குடும்ப வழக்குகளுக்குச் செலவிடுங்கள்" என்றால் ஏற்கலாம். அமைப்பு முழுவதுமே ஒரு வகை வழக்கை எடுக்கக் கூடாது என்பது வேறு. 1974இல் அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கிய சட்ட சேவைக் கழகத்திடம் நிதி பெறும் அமைப்புகள் குழு வழக்குகள் (ஒரே பாதிப்புக்கு உள்ளான பலர் சார்பில் ஒன்றாகத் தொடரும் வழக்குகள்) தொடரக் கூடாது என்று 1996இல் தடை வந்தது; அத்தடை அந்த அமைப்புகள் வேறு இடங்களில் திரட்டிய பணத்தையும் கட்டுப்படுத்தியது. ஒருவர் தந்த பணத்தின் நிபந்தனை மற்றவர்கள் தந்த பணத்தையும் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இது சான்று.

என் கருத்து, மறுத்துவிடுங்கள் என்பதே. மறுக்கும் முன் ஒருமுறை நேரில் பேசி, தொகையைக் குறிப்பிட்ட பணிக்கென மாற்றித் தருவார்களா என்றும், எந்த வழக்கை ஏற்பது, எப்படி நடத்துவது என்பதில் நிறுவனம் தலையிடாது என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். இசைந்தாலும், அந்த நிறுவனத்துக்கு எதிரான வழக்கு எதுவும் உங்களிடம் நிலுவையில் உள்ளதா என்று வழக்குப் பதிவேட்டைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.