பிளக் இல்லாமல் டீசல் எப்படிப் பற்றுகிறது? கேள்வி பதில்

சங்ககிரி லாரி ஓட்டுநர்: அண்ணா, பம்பு பிரஷர்லதான் டீசல் பத்திக்குதுங்களா?

இல்லைங்க. பற்றவைப்பது சிலிண்டரில் இருக்கும் காற்று. பிஸ்டன் மேலே வந்து அழுத்தும்போது அது 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும். டீசல் தானாகப் பற்ற அதில் பாதி போதும். காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் முறை) வண்டிகளில் 1,600 பார், 2,000 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று அழுத்தம் கொடுப்பது, டீசலைப் பொடிப் பொடியாக உடைத்துக் காற்றோடு சீக்கிரம் கலக்கத்தான்.

செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக்: காலைல ஸ்டார்ட் பண்ணா டக்டக்னு அடிக்குது, சூடானா நின்னுடுது. நாசில் மாத்தணுமாண்ணா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. நாசிலை (டீசலைத் தெளிக்கும் முனை) விட்டு வந்த டீசல் உடனே எரியாது. துளி சூடாகி, ஆவியாகி, காற்றில் கலந்து, முதலில் லேசாக வினை தொடங்கி, அப்புறம்தான் தீப்பிடிக்கும். இந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். 1,500 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் 9 டிகிரி சுற்றிவிடும்! இன்ஜின் குளிர்ந்திருந்தால் தாமதம் நீளும். அதுவரை சேர்ந்த டீசல் மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும். அழுத்தம் சட்டென்று ஏறும். நீங்கள் கேட்கும் அடி அதுதான். சூடானதும் சத்தம் நிற்கிறது என்றால் முதலில் ஹீட்டர் பிளக் (தீப்பொறி தராது, குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடு மட்டும் தரும்), கம்ப்ரஷன், டீசலின் தரம் மூன்றையும் பாருங்கள். பி.எஸ். 6 (இந்தியாவின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலுக்கு சீட்டேன் எண், அதாவது எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவு, குறைந்தது 51 இருக்க வேண்டும். குறைந்தால் தாமதம் கூடும்.

பொறியியல் மாணவி: அழுத்தம் ரொம்ப அதிகமானா துளியே இருக்காதுன்னு படிச்சேன். உண்மையா சார்?

பாதி உண்மைம்மா. டீசலுக்கு மாதிரியாக ஆய்வகங்களில் எடுக்கும் டோடெக்கேன் என்ற திரவத்தின் மாறுநிலை (அதைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பிரிவே இருக்காது) அழுத்தம் சுமார் 18 பார், வெப்பநிலை 385 டிகிரி. சிலிண்டரில் இரண்டுமே அதைத் தாண்டுகின்றன. ஆனால் டீசல் உள்ளே வரும்போது அவ்வளவு சூடாக இருக்காது. அதனால் முதலில் துளிகள் உண்டு. சூடேறச் சூடேறப் துளியைத் துளியாகப் பிடித்து வைக்கும் பரப்பு இழுவிசை கரைந்து, வாயுவோடு வாயுவாகக் கலக்கும். எந்த இடத்தில் அப்படி மாறுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. நீங்கள் அதில் இறங்கினால் சந்தோஷப்படுவேன்.

ஏற்காடு எஸ்டேட்காரர்: டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய ஜீப். கொண்டை ஊசி வளைவுல கரும்புகை தள்ளுதுங்க.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிடக் காற்று பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, பழைய பம்போ அதே அளவு டீசலைத்தான் விடும். தெளிப்பின் நடுப்பகுதிக்குக் காற்று போதாமல் கரியாகிறது. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் ஏறுங்கள்.

அம்மாபேட்டை வாசகர்: டீசல் டேங்க்ல பெட்ரோல் ஊத்திட்டாங்க. ஸ்டார்ட் பண்ணலாமா?

சாவியே போடாதீங்க. பெட்ரோல் இப்படித் தானாக எளிதில் பற்றாது. பம்புக்கு வேண்டிய வழவழப்பும் அதில் இல்லை. தள்ளிக்கொண்டு போய் டேங்கைக் காலி செய்யுங்கள்.